குளத்தைப் பார்ப்பது யார்? – விடுமுறை அடுக்குமாடியின் பொது நீச்சல் குளமும் நம் நடத்தையும்

படிவம் நான்கு, ஐந்து மாணவர்களிடம் ‘பொது வசதிகளைப் பேணும் முறை’ என்று கட்டுரைத் தலைப்பு கொடுத்துப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் ஒரே வாக்கியத்தில் தொடங்குவார்கள்: “பொதுச் சொத்தை நம் சொத்தாகக் கருத வேண்டும்.” நல்ல வாக்கியம்தான். அடுத்த வரி என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பொது இடத்தில் ஒழுங்கு கெட்டால் உண்மையில் என்ன ஆகும் என்பதை நாம் விளக்கிச் சொல்வதில்லை. ‘பிறருக்குத் தொல்லை’ என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திவிடுகிறோம்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பொது வசதியை எடுத்துக்கொள்கிறேன். விடுமுறைக்கு வாடகைக்கு விடும் அடுக்குமாடிகளில் இருக்கும் நீச்சல் குளம். பள்ளி விடுமுறை வந்தால் போர்ட்டிக்சன், மலாக்கா, பினாங்கு என்று நாம் எல்லாரும் போய்த் தங்கும் இடங்கள்தாம். ஆசிரியர்களுக்கு இது வகுப்பறைப் பொருள். மாணவர்களுக்குக் கட்டுரைப் பொருள். எனக்கு, நேரில் பார்த்துப் பயந்த பொருள்.

அன்று நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் ஆண்டிறுதி விடுமுறையில் எங்கள் குடும்பம், அக்கா குடும்பம், சித்தப்பா குடும்பம் என மூன்று குடும்பமாகப் போர்ட்டிக்சன் போனோம். கடலோரத்தில் ஓர் அடுக்குமாடி. ஆறு பேருக்கான வீடு. நாங்கள் பதினொரு பேர். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு மற்றவர்களைப் பற்றிப் பேசப் போகிறேன்.

மாலை ஆறு மணிக்குக் குளத்துக்கு இறங்கினோம். அங்கே ஏற்கெனவே இளைஞர்கள் ஏழெட்டுப் பேர். ஒலிபெருக்கியில் பாட்டு அலறியது. குளத்தின் விளிம்பிலேயே கண்ணாடிப் புட்டிகள். ஒருவர் ஓடி வந்து ‘தொப்’பென்று குதிக்க, இன்னொருவர் அவர் மேலேயே குதிக்க, தண்ணீர் எங்கள் துண்டு, பை எல்லாவற்றையும் நனைத்தது. சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. போய்ச் சத்தம் போட்டார். அவர்களும் திருப்பிச் சத்தம் போட்டார்கள்.

நான் கீழே போய் ஜாகாவைக் கூட்டி வந்தேன். அறுபது வயதை நெருங்கிய நம் தமிழர் ஒருவர். வரும் வழியிலேயே சொன்னார்: “நான் ஒரு ஆளும்மா. கேட்டையும் பாக்கணும், கார் நிறுத்துற எடத்தையும் பாக்கணும், இதையும் பாக்கணும். அவங்க கேக்க மாட்டாங்க. இருந்தாலும் சொல்லிப் பாக்குறேன்.”

அவர் வந்து சொன்னார். வாக்குவாதம் இன்னும் பெரிதானது. “ஒங்க ஆளுங்க மட்டும் சாப்பாட்டக் கொண்டாந்து குளத்துக்கிட்ட வச்சிருக்கீங்களே, அது சரியா?” என்று ஒருவர் கேட்டார். கேள்வியில் தப்பில்லை. அக்கா கொண்டு வந்த மீகூன் பாத்திரம் விளிம்பில்தான் இருந்தது. ஆளாளுக்குப் பேசினோம். அங்கிருந்த பெரியவர்கள் அத்தனை பேரும், ஜாகா உட்பட, அந்தச் சண்டையைப் பார்த்தபடி நின்றோம்.

அந்த நேரத்தில் அக்காவின் ஏழு வயது மகன் சின்னக் குளத்திலிருந்து ஏறி, பெரிய குளத்துக்குள் இறங்கியிருக்கிறான். தரை சரியும் இடம் வரை நடந்து போயிருக்கிறான். கால் எட்டவில்லை. யாருக்கும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. எங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த இளைஞர்களில் ஒருவர், பேச்சுக்கு நடுவிலே திடீரென்று தண்ணீரைப் பார்த்து, அப்படியே பாய்ந்தார். பையனைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். பையன் இருமினான், வாந்தி எடுத்தான், அழுதான். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது.

அன்று இரவு அவனை மருத்துவமனைக்குக் கொண்டு போய்க் காட்டினோம். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்கு ஒரு கேள்வி மட்டும் போகவே இல்லை. குளத்தைச் சுற்றிப் பெரியவர்கள் பதினைந்து பேருக்குக் குறையாமல் நின்றோமே, குளத்தைப் பார்த்தது யார்?

இந்தக் குளம் ஏன் வேறு மாதிரி?

ஊராட்சி மன்றம் நடத்தும் பொது நீச்சல் குளத்தில் நுழைவுச் சீட்டு உண்டு. உயிர்காப்பாளர் உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தங்கும் விடுதியில் ஒரே நிர்வாகம்; புகார் சொல்ல வரவேற்பு மேசை உண்டு. நாம் நிரந்தரமாகக் குடியிருக்கும் கொண்டோவில் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று நமக்குத் தெரியும். இன்று அவரோடு சண்டை போட்டால் நாளைக்கு லிப்டில் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அந்தக் கூச்சமே பாதி ஒழுங்கைக் காப்பாற்றும்.

விடுமுறை அடுக்குமாடி இந்த மூன்றிலும் சேராது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உரிமையாளர். அவர் பெரும்பாலும் வேறு ஊரில் இருப்பார். முன்பதிவைப் பார்த்துக்கொள்ள ஒரு முகவர். சாவி, எண் பூட்டுப் போட்ட சின்னப் பெட்டியில். விருந்தாளி வருகிறார், இரண்டு இரவு தங்குகிறார், போகிறார். உரிமையாளரை அவர் பார்த்ததே இல்லை. பக்கத்து வீட்டில் யார் என்றும் தெரியாது. யார் முகத்திலும் மறுநாள் விழிக்கத் தேவையில்லை.

அதோடு, எல்லாரும் பணம் கட்டித்தான் வந்திருக்கிறார்கள். ‘காசு கொடுத்திருக்கேன், நான் அனுபவிக்கிறேன்’ என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும். அந்த இளைஞர்களுக்கும் இருந்தது. ஆறு பேர் வீட்டில் பதினொரு பேராகத் தங்கிய எங்களுக்கும் இருந்தது. ஒரே நாளில் பல வீடுகளிலும் இப்படி ஆள் கூடினால், சிலருக்கெனக் கட்டிய குளத்தில் கூட்டம் நிரம்பிவிடும்.

ஜாகாவுக்கு என்ன அதிகாரம்?

நம்மில் பலர் ஜாகாவைக் கூப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். அவர் வேலை என்னவென்று முதலில் தெரிந்துகொள்வோம். மலேசியாவில் தனியார் பாதுகாவல் நிறுவனங்கள் 1971ஆம் ஆண்டு தனியார் நிறுவனச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்று இயங்குகின்றன. பாதுகாவலர் அந்த நிறுவனத்தின் ஊழியர். அடுக்குமாடி நிர்வாகம் அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கும். வருவோர் போவோரைப் பதிவது, வாகனங்களைக் கவனிப்பது, சுற்றி வருவது, அசம்பாவிதம் நடந்தால் தகவல் சொல்வது ஆகியவையே அவருடைய வழக்கமான வேலைகள்.

அவர் போலீஸ்காரர் அல்லர். விதியை எடுத்துச் சொல்லலாம், குளத்தை விட்டு வெளியேறும்படி கேட்கலாம், எந்த வீட்டு விருந்தாளி என்று குறித்துக்கொள்ளலாம், நிர்வாகத்துக்குத் தெரிவிக்கலாம், நிலைமை முற்றினால் போலீசை அழைக்கலாம். அதற்கு மேல் போனால் வம்பு அவர் தலையில்தான் விழும். நேப்பாள நாட்டிலிருந்து வந்து இந்த வேலை செய்பவர்களும் நம் நாட்டில் பலர். அவர்களுக்கு மொழிச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொன்று, எல்லாவற்றையும்விட முக்கியமானது. பாதுகாவலர் வேறு, உயிர்காப்பாளர் வேறு. ஒருவர் காப்பது இடத்தை. மற்றவர் காப்பது உயிரை. நீரில் தத்தளிப்பவரை அடையாளம் காணவும், மீட்கவும், மூச்சு கொடுக்கவும் உயிர்காப்பாளர் பயிற்சி பெற்றவர். ஜாகாவுக்கு நீந்தத் தெரியுமா என்று யாரும் கேட்டுவிட்டு வேலைக்கு எடுப்பதில்லை. பல அடுக்குமாடிக் குளங்களின் பலகையில் ‘இங்கு உயிர்காப்பாளர் இல்லை; உங்கள் சொந்தப் பொறுப்பில் நீந்தவும்’ என்று எழுதியிருக்கும். நாம் அதைச் சம்பிரதாயத்துக்கு எழுதிய வரியாக எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பலகையிலேயே மிகவும் முக்கியமான வரி அதுதான். ‘உங்கள் பிள்ளையைப் பார்க்க நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள்’ என்பதே அதன் பொருள்.

சட்டம் என்ன சொல்கிறது?

தனித்தனி வீடாக விற்கப்பட்ட அடுக்குமாடியில் குளம் யாருக்குச் சொந்தம்? எந்த ஒரு வீட்டுக்காரருக்கும் தனியாகச் சொந்தமில்லை. லிப்ட், நடைபாதை, வாகன நிறுத்துமிடம் போல அதுவும் பொதுச் சொத்து. மலேசியத் தீபகற்பத்திலும் லாபுவானிலும் இவற்றின் பராமரிப்பு 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வகிப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. ‘சட்டம் 757’ என்று இதைச் சொல்வார்கள். 2015 ஜூனில் இது நடைமுறைக்கு வந்தது. தொடக்க காலத்தில் ஜே.எம்.பி. எனப்படும் கூட்டு நிர்வகிப்புக் குழு, பிறகு எம்.சி. எனப்படும் நிர்வகிப்புக் கழகம் பொறுப்பை ஏற்கும். வீட்டு உரிமையாளர்கள் மாதந்தோறும் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தில்தான் குளத்தின் நீர் சுத்தமாகிறது, ஜாகாவுக்குச் சம்பளம் போகிறது.

இந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில், எல்லா ஸ்ட்ராட்டா குடியிருப்புகளுக்கும் பொதுவான துணைவிதிகள் உள்ளன. பொதுச் சொத்தை மற்றவர்கள் பயன்படுத்துவதற்கு இடையூறு செய்யக் கூடாது. பிறருக்குத் தொல்லை தரும்படி நடந்துகொள்ளக் கூடாது என்பவை அவற்றின் சாரம். அதற்கு மேல் ஒவ்வொரு குடியிருப்பும் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டுத் தன் விதிகளைச் சேர்க்கலாம். குளம் திறக்கும் நேரம், ஒரு வீட்டுக்கு எத்தனை விருந்தாளி, எத்தகைய உடை போன்றவை அப்படி வந்தவையே. மீறினால் 200 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க வழியுண்டு. உரிமையாளர், குடியிருப்பவர், விருந்தாளி ஆகிய மூவருக்கும் இது பொருந்தும். ‘நான் இரண்டு நாளைக்கு வந்தவன்தானே’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தகராறு தீராவிட்டால் ஸ்ட்ராட்டா நிர்வகிப்பு நடுவர் மன்றம் இருக்கிறது; 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும்.

குறுகிய கால வாடகையையே நிறுத்த முடியுமா? முடியும் என்று நம் நாட்டின் உச்ச நிலை நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. கோலாலம்பூர், மோண்ட் கியாராவில் உள்ள ஒரு குடியிருப்பின் நிர்வகிப்புக் கழகம் 2017இல் பொதுக்கூட்டம் கூட்டி, குறுகிய கால வாடகைக்குத் தடை விதித்தது. மீறினால் நாளொன்றுக்கு 200 ரிங்கிட் அபராதம். சில உரிமையாளர்கள் அதை எதிர்த்தார்கள். வழக்கு கடைசி மன்றம் வரை போய், அந்த விதி செல்லும் என்று முடிந்தது. இப்படி இரண்டு மூன்று நாள் தங்குவது முறையான வாடகைக் குடித்தனம் ஆகாது, தங்கிக்கொள்ளத் தரும் ஓர் அனுமதி மட்டுமே என்று நீதிமன்றம் விளக்கியது. சிங்கப்பூரில் நிலைமை இன்னும் தெளிவு. அங்கே தனியார் வீட்டைக் குறைந்தது மூன்று மாதத்துக்குத்தான் வாடகைக்கு விட வேண்டும்; 2017ஆம் ஆண்டிலிருந்து இதுவே விதி.

ஆக, சட்டம் இருக்கிறது, அபராதம் இருக்கிறது, நீதிமன்றமும் துணை நிற்கிறது. ஆனால் இவை எல்லாமே நடந்து முடிந்த பிறகு வேலை செய்பவை. மாலை ஆறேகால் மணிக்கு, தரை சரியும் இடத்தில் கால் எட்டாமல் நிற்கும் பிள்ளைக்குச் சட்டம் 757 கை கொடுக்காது.

ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம்

பலகையில் ‘கூடாது, கூடாது’ என்று பத்து வரி இருந்தால் யாரும் படிக்க மாட்டார்கள். காரணம் தெரிந்தால் மனத்தில் நிற்கும். மாணவர்களுக்கும் இப்படியே கற்பிக்கலாம்.

கண்ணாடிப் புட்டி கூடாது. உடைந்த கண்ணாடி தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. ஒரு புட்டி உடைந்தால் குளத்தையே மூடி, நீரை இறக்கித்தான் சுத்தம் செய்ய வேண்டி வரும். அதற்குள் எத்தனை பாதங்கள் கிழியுமோ!

தலைகீழாகப் பாயக் கூடாது. அடுக்குமாடிக் குளங்கள் பெரும்பாலும் ஆழம் குறைந்தவை. ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும் ஆழமே பல இடங்களில் இருக்கும். அதில் தலைகீழாகப் பாய்ந்தால் தலை தரையில் மோதி, கழுத்தெலும்பு உடைந்து, வாழ்நாள் முழுதும் எழுந்து நடக்க முடியாமல் போகலாம்.

ஓடக் கூடாது. ஈரத் தரையில் வழுக்கி விழுபவரின் தலை முதலில் மோதுவது குளத்தின் விளிம்பில்தான்.

மது அருந்திவிட்டு இறங்கக் கூடாது. மது தைரியத்தைக் கூட்டும், நிதானத்தைக் குறைக்கும். நீரில் இந்த இரண்டும் சேர்ந்தால் ஆபத்து.

மூடிய பிறகு இறங்கக் கூடாது. இரவில் விளக்கு அணைந்த குளத்தில் தரை தெரியாது. அடியில் ஒருவர் கிடந்தாலும் மேலே இருப்பவர் கண்ணுக்குப் படாது.

குளிக்காமல் இறங்கக் கூடாது. நீரில் சேர்க்கும் குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் கலக்கும்போது குளோரமின் என்ற பொருள் உண்டாகிறது. கண் எரிச்சலும் அந்தக் கடுமையான வாடையும் பெரும்பாலும் அதனால்தான். ‘குளோரின் அதிகம் போட்டுட்டாங்க’ என்று நாம் நிர்வாகத்தைக் குறை சொல்வோம். காரணம் நாமாகவே இருப்போம்.

கூச்சலும் உரத்த பாட்டும் கூடாது. இதற்குக் காரணம் தூக்கம் கெடும் என்பது மட்டும்தானா? அடுத்த பகுதியைப் படியுங்கள்.

மூழ்குபவர் கத்துவதில்லை

படத்தில் நீரில் மூழ்குபவர் “காப்பாத்துங்க!” என்று கத்துவார், இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டுவார். உண்மையில் அப்படி நடப்பது அரிது. உடல் முதலில் செய்ய நினைப்பது மூச்சு விடுவதை. பேச்சு அதற்குப் பிறகுதான். மூச்சே கிடைக்காதபோது குரல் எப்படி வரும்? கைகளும் மேலே எழாது. தலையை மேலே கொண்டுவர, இரு கையையும் பக்கவாட்டில் விரித்து நீரைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். உடல் நேராக, நின்றபடி இருக்கும். தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் மூழ்கி எழும். முடி கண்ணை மறைத்தாலும் ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க உயிர்காப்பாளர் பிராங்க் பியா இதைக் கவனித்து விளக்கியவர். இந்தப் போராட்டம் பெரும்பாலும் 20 முதல் 60 விநாடிகள்தான் நீடிக்கும்.

தூரத்தில் நின்று பார்ப்பவருக்குப் பிள்ளை விளையாடுவது போலவே தெரியும். விளையாடும் பிள்ளை சத்தம் போடும். சத்தமில்லாத பிள்ளையைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

இப்போது கூச்சலுக்கு வருவோம். ஒலிபெருக்கி அலறும் குளத்தில் ஒரு பிள்ளையின் மௌனத்தை யார் கவனிப்பது? பத்துப் பேர் குதித்து நீரைக் கலக்கும்போது, அடியில் இருப்பவரை யார் பார்ப்பது? விளிம்பில் சண்டை நடந்தால் எல்லாக் கண்களும் சண்டையின் மேல் போகும். குளத்தில் ஒழுங்கு வேண்டும் என்று சொல்வது மரியாதைக்காக மட்டும் அன்று. கண்ணும் காதும் தண்ணீரின் மேல் இருப்பதற்காக. நாங்கள் அன்று ஒழுங்கீனத்தைக் கண்டிக்கப் போய், அதே தவற்றைச் செய்தோம். எங்கள் பங்குக்கு இன்னொரு கூச்சலைச் சேர்த்தோம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 300,000 பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்கும் குறைந்த பிள்ளைகள். அதே 2021இல்தான் ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25ஆம் நாளை உலக நீர்மூழ்கல் தடுப்பு நாளாக அறிவித்தது. பள்ளியில் அந்த வாரச் சபைக்கூடலில் ஐந்து நிமிடம் இதைப் பேசலாமே!

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, ‘நீர்க் காவலர்’ ஒருவரை நியமியுங்கள். பெரியவர்களில் ஒருவர், பதினைந்து நிமிடம், குளத்தை மட்டும் பார்க்க வேண்டும். கைப்பேசி கூடாது, பேச்சு கூடாது, சாப்பாடு பரிமாறவும் கூடாது. நேரம் முடிந்ததும் அடுத்தவரிடம் வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும்: “மாமா, இப்ப நீங்க பாருங்க.” ‘எல்லாரும் பார்க்கிறோம்’ என்றால் யாரும் பார்க்கவில்லை என்றே பொருள். இப்போது எங்கள் குடும்பத்தில் இது கட்டாயம். ஒரு பழைய தொப்பி வைத்திருக்கிறோம். அதைத் தலையில் போட்டவர்தான் காவலர். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. எங்களுக்கு அது பாடம்.

இரண்டாவது, முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். குளத்துக்கு உயிர்காப்பாளர் உண்டா? குளம் எத்தனை மணிக்கு மூடும்? ஆழம் எவ்வளவு? சின்னக் குளத்துக்கும் பெரிய குளத்துக்கும் இடையில் தடுப்பு உண்டா? மிதவை வளையம் எங்கே இருக்கிறது? எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதையும் உண்மையாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது, காற்றடைத்த மிதவைகளை நம்பிப் பிள்ளையை விடாதீர்கள். அவை விளையாட்டுப் பொருள்கள். உயிர்காப்பு அங்கி அல்ல. சின்னப் பிள்ளை என்றால் கை எட்டும் தூரத்திலேயே நாம் இருக்க வேண்டும்.

நான்காவது, மற்றவர்கள் அத்துமீறினால் முதலில் நம் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுங்கள். பிறகுதான் பேச்சு. அதுவும் ஒருவர் மட்டும், மெதுவாக. “தம்பி, சின்னப் பிள்ளைங்க இருக்காங்க. பாட்டைக் கொஞ்சம் கொறைச்சிக்கிறீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கேட்பார்கள். கேட்காவிட்டால் வாக்குவாதம் வேண்டாம். நேரம், வீட்டு எண் தெரிந்தால் அது, நடந்தது என்ன ஆகியவற்றைக் குறித்து நிர்வாகத்திடமும் உரிமையாளரிடமும் எழுத்தில் கொடுங்கள். மிரட்டல், அடிதடி என்று போனால் 999. ஜாகாவைக் கூப்பிட்டால் அவரிடம் மரியாதையாகப் பேசுங்கள். சம்பளம் குறைந்த வேலையில், இரண்டு பக்கத் திட்டையும் வாங்கிக்கொண்டு நிற்பவர் அவர்.

ஐந்தாவது, யாராவது தத்தளித்தால், நீந்தத் தெரியாதவர் உடனே குதிக்கக் கூடாது. குதித்தால் இருவரும் போக நேரிடும். விளிம்பில் படுத்துக் கையோ கம்போ நீட்டுங்கள். மிதவை வளையத்தை வீசுங்கள். உதவிக்குக் குரல் கொடுங்கள். வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லையென்றால் 999ஐ அழைத்துவிட்டு, பயிற்சி உள்ளவர் உடனே வாய்வழி மூச்சும் மார்பழுத்தமும் கொடுக்க வேண்டும். வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கப் பார்ப்பது தவறு, நேரம் வீணாகும். பிழைத்து எழுந்த பிள்ளை நன்றாக இருப்பது போல் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். நுரையீரலுக்குள் நீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

கட்டுரையில் சொல் துல்லியமாக இருந்தால் கருத்தும் துல்லியமாகும். சில சொற்களைப் பிரித்தறியுங்கள்.

இடையூறு: பிறர் செயலுக்குத் தடையாக இருப்பது. வழியில் பையை வைப்பது இடையூறு.
ஒழுங்கீனம்: ஒழுங்கு இல்லாத நடத்தை. குளிக்காமல் குளத்தில் இறங்குவது ஒழுங்கீனம்.
அத்துமீறல்: வகுத்த எல்லையைத் தாண்டுவது. மூடிய பிறகு வேலியேறி இறங்குவது அத்துமீறல்.
அடாவடி: தவற்றைச் சுட்டிய பிறகும் வலுவைக் காட்டித் தொடர்வது. காவலரை மிரட்டுவது அடாவடி.

எல்லாவற்றுக்கும் ‘தொல்லை’ என்ற ஒரே சொல்லைப் போட்டால், புட்டியை உடைத்தவரும் பையை வழியில் வைத்தவரும் ஒரே தட்டில் வந்துவிடுவார்கள். மேலும், ‘பாதுகாவலர்’, ‘உயிர்காப்பாளர்’ இரண்டையும் மாற்றி எழுதாதீர்கள்; ஏன் என்று மேலே பார்த்தோம்.

பேச்சு வழக்கை எழுத்து வழக்குக்கு மாற்றும் பயிற்சிக்கு அந்த ஜாகா சொன்னதையே எடுத்துக்கொள்ளலாம். “நான் ஒரு ஆளும்மா. கேட்டையும் பாக்கணும், இதையும் பாக்கணும்” என்பது கட்டுரையில் இப்படி வரும்: ‘ஒரே காவலர் வாயிலையும் நீச்சல் குளத்தையும் ஒருசேரக் கவனிக்க வேண்டியுள்ளது.’ பொருள் மாறவில்லை, நடைதான் மாறியது.

ஒரு பத்தியை எப்படிக் கட்டுவது? கருத்து, காரணம், சான்று, முடிவு என்று நான்கு படி. எடுத்துக்காட்டாக:

‘பொது நீச்சல் குளத்தில் உரத்த ஒலியைத் தவிர்க்க வேண்டும். ஏனெனில், நீரில் மூழ்குபவரால் பெரும்பாலும் குரல் எழுப்ப இயலாது. சுற்றிலும் இரைச்சல் மிகுந்தால், விளையாடும் பிள்ளை திடீரென அமைதியாவதைப் பெரியவர்கள் உணர மாட்டார்கள். இந்தப் போராட்டம் ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடக்கூடும். ஆகவே, குளத்தில் அமைதி காப்பது பிறர் உயிரைக் காப்பதற்கு நிகராகும்.’

ஐந்தே வாக்கியம். ‘பொதுச் சொத்தை நம் சொத்தாகக் கருத வேண்டும்’ என்ற வரிக்கு அடுத்து எதை எழுதுவது என்று இப்போது தெரிகிறது அல்லவா?

நிறைவாக

அன்று பையனைத் தூக்கிய இளைஞருக்கு நாங்கள் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை. பதற்றத்தில் அக்கா பையனைக் கட்டிக்கொண்டு அழுதார். சித்தப்பா தரையைப் பார்த்து நின்றார். அந்த இளைஞர்கள் அவர்களாகவே பாட்டை நிறுத்தினார்கள், புட்டிகளைப் பொறுக்கிப் பையில் போட்டார்கள். நாங்களும் மீகூன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மேலே போனோம். மறுநாள் காலையில் காரில் சாமான் ஏற்றும்போது ஜாகா வந்து விசாரித்தார்: “பையன் எப்படிம்மா இருக்கான்?” நன்றாக இருக்கிறான் என்றேன். “ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. நானும்தான் அங்க நின்னேன், நானும் பாக்கல” என்றார்.

அவர் வேலை அதுவன்று. ஆனாலும் அவர் வருந்தினார். பார்க்க வேண்டியவர்கள் நாங்கள்.

இந்த விடுமுறைக்கு நீங்களும் எங்கேயாவது போவீர்கள். மாணவர்களும் போவார்கள். கிளம்பும் முன் ஒரு பழைய தொப்பியை எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.